மேட்டூர்த் தண்ணீரைப் பாட்டியும் பார்க்க வேண்டாமா?

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் மேட்டூரில் கால் வைக்க இடம் இருக்காது. சேலம், நாமக்கல், தர்மபுரி, ஈரோடு பக்கத்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். காவிரியில் குளிப்பார்கள். அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிடுவார்கள். பூங்காவில் கூடி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டி மட்டும் வண்டியை விட்டு இறங்கமாட்டார்.

"நீங்க போயிட்டு வாங்க சாமி! எனக்குப் படி இறங்க முடியாது. வரும்போது ஒரு சொம்பு தண்ணி கொண்டு வாங்க, போதும்!" என்பார்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. முழங்கால் வலிக்காரர், சக்கர நாற்காலியில் வாழ்கிறவர், கண் தெரியாதவர், நிறைமாதக் கர்ப்பிணி என்று வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். காவிரி எல்லோருக்கும் பொதுதான். ஆனால், காவிரிக்குப் போகும் வழி எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதா?

கரை ஓரிடத்தில் நிற்பதில்லை

மேட்டூர் அணை வேலை 1925-ல் தொடங்கியது. 1934-ல் திறக்கப்பட்டது. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்கு வைக்கப்பட்டது. அணையின் நீளம் 5,300 அடி. அதாவது ஒரு மைல்! நீர்மட்டம் 120 அடியைத் தொட்டால் அணை நிறைந்துவிட்டது என்று பொருள். அப்போது அதில் 93 டி.எம்.சி.க்குமேல் தண்ணீர் நிற்கும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.

இவ்வளவு தண்ணீரைத் தாங்கும் சுவரின் மேல் எல்லோரும் இஷ்டம்போல் நடக்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. அணைக்கு ஆபத்து வந்தால் டெல்டா வரைக்கும் ஆபத்து. ஆகவே, மக்கள் நடக்கும் பாதையைக் கரையோரத்தில்தான் தேட வேண்டும்.

அங்கேதான் சிக்கல்! மேட்டூரின் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. 2023 அக்டோபரில் நீர்மட்டம் சுமார் 30 அடிக்குப் போய்விட்டது. 2024 ஜூலை 30-ந் தேதி அதே அணை 120 அடியைத் தொட்டது. பத்து மாதத்துக்குள் 90 அடி ஏற்றம்!

நீர் வற்றினால் பண்ணவாடிப் பக்கம் பழைய கோவிலின் நந்தி சிலை வெளியே தெரியும். நீர் ஏறினால் அந்த இடமெல்லாம் கடல்போல் ஆகிவிடும். நேற்று நடந்த இடம் இன்று ஆழம். இப்படிப்பட்ட இடத்தில் பாதை போடுவது எப்படி?

கடற்கரையில் ஒரு பாடம்

சென்னை மெரினாவைப் பாருங்கள். அங்கே மணல்தான் சுவர். சக்கர நாற்காலி மணலில் புதைந்துவிடும். தினம் ஆயிரக்கணக்கானோர் அலையில் கால் நனைக்கும் இடத்தில், மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் சாலையோரத்தில் இருந்தபடியே கடலைப் பார்த்தார்கள். கேட்டார்கள், மறுபடியும் கேட்டார்கள்.

கடைசியில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணல்மேல் மரப்பாதை போடப்பட்டது. நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். 2022 நவம்பர் 27-ந் தேதி அது திறக்கப்பட்டது. வயதானவர்கள் பலர் நாற்காலியில் அமர்ந்தபடியே அலையின் அருகே போனார்கள்.

பன்னிரண்டே நாள்! டிசம்பர் 9-ந் தேதி இரவு 'மாண்டஸ்' புயல் கரை கடந்தது. பாதையின் ஒரு பகுதி உடைந்தது. "பணம் வீண்!" என்றார்கள் சிலர். ஆனால் பாதை கைவிடப்படவில்லை. பழுது பார்த்து மீண்டும் திறந்தார்கள்.

பாடம் இதுதான்: பாதை போடுவது பாதி வேலை. அதைக் காப்பாற்றுவது மறுபாதி.

இங்கிலாந்தில் 2009-ல் ஒரு சட்டம் வந்தது. நாட்டின் கடற்கரை முழுவதும் பொதுமக்கள் நடக்கப் பாதை வேண்டும் என்பது அதன் நோக்கம். பாதையின் நீளம் சுமார் 2,700 மைல். கடல் கரையை அரித்தால் என்ன செய்வது? பாதையும் கரையோடு உள்ளே நகரலாம் என்று சட்டத்திலேயே வழி செய்துவிட்டார்கள். கரை நகர்ந்தது என்பதற்காக மக்களின் உரிமை போய்விடவில்லை!

மேட்டூருக்கு என்ன வேண்டும்?

முதலாவது, இடம். நீர்த்தேக்கத்தின் கரையில் பாதை போட்டால் 120 அடி அளவுக்கு மேலேதான் போட வேண்டும். தண்ணீரைத் தொட முடியாவிட்டாலும் கண்ணாரக் காணலாம்.

இரண்டாவது, சரிவு. படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் வேண்டும். ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு. ஐந்து அடி உயரத்துக்கு 60 அடி நீளச் சரிவு. இதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் அது பெயருக்குத்தான் சாய்தளம். நாற்காலியைத் தள்ளுகிறவரும் சறுக்குவார், உட்கார்ந்திருப்பவரும் விழுவார்.

மூன்றாவது, கைப்பிடி, நிழல், உட்கார இடம், கழிப்பறை. இவை இல்லாத பாதையில் வயதானவர் பத்து அடிகூடத் துணிந்து போகமாட்டார்.

நான்காவது, எச்சரிக்கை. 2024-ல் அணை நிறைந்த நாலாம் நாள் ஆடிப்பெருக்கு. ஆற்றில் வெள்ளம் ஓடியது. கரையோரங்களில் இறங்கத் தடை போட்டார்கள். உயிரைக் காக்கும் தடை அது; மீறக் கூடாது. ஆனால் ஏன் அடைத்தார்கள், எப்போது திறப்பார்கள் என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்கலாமே! வெள்ளத்துக்கு அடைத்த வழி, வெள்ளம் வடிந்த பிறகும் பூட்டியே கிடக்கலாகாது.

சலுகை அல்ல, சட்டம்

2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. பொது இடங்களுக்கு எல்லோரும் போய்வர வழி செய்ய வேண்டும் என்கிறது அது. 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. அறிவுரையாக மட்டும் இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

ஆகவே பாட்டிக்காகக் கேட்பது பிச்சை அல்ல. நீர்வளத்துறையிடமும் நகராட்சியிடமும் ஊர் மக்கள் உரிமையோடு கேட்கலாம். அணையைக் கட்ட ஒன்பது ஆண்டு ஆயிற்று. ஒரு சாய்தளத்துக்கு அவ்வளவு காலம் வேண்டாம்.

சொம்புத் தண்ணீர் வண்டிக்கு வருவது பாட்டியின்மேல் உள்ள பாசம். பாட்டியே காவிரிக்குப் போவது, அவருடைய உரிமை!