‘நான் பழச்சாறுதான் குடிக்கிறேன்’ என்னும் சமாதானம்



மேற்படிப்புக்காகவும் பணிக்காகவும் பிரிட்டன் சென்றுள்ள நம் இளைஞர்கள் பலரும் எதிர்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு மாலை, பெரும்பாலும் வியாழன் அல்லது வெள்ளி, வேலை முடிந்ததும் நண்பர்கள் அருகிலுள்ள ‘பப்’பில் கூடுவார்கள். “வாப்பா, நான் குடிப்பதில்லை, பழச்சாறு வாங்கிக்கொண்டு உடன் அமர்ந்திருப்பேன், அவ்வளவுதான்” என்று பிள்ளை தொலைபேசியில் சொல்கிறான். பெற்றோரும் நிம்மதி அடைகின்றனர். அந்த நிம்மதிக்கு மார்க்கத்தில் இடமில்லை.

ஓர் உண்மையை முதலில் ஏற்றுக்கொள்வோம். பப் என்பது நம் ஊர் டாஸ்மாக் கடையைப் போன்றதன்று. ‘பொது இல்லம்’ என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். அங்கே குடும்பங்கள் உணவருந்துகின்றன. வினாடி வினா நடக்கிறது. கால்பந்து ஆட்டத்தைக் கூடியிருந்து பார்க்கிறார்கள். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அருவருப்பூட்டும் தீமையை எவரும் சொல்லாமலே நாம் விட்டு ஓடுவோம். கண்ணியமாக உடுத்திவரும் தீமைக்கோ நாற்காலி இழுத்துப் போடுவோம்.

அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவைக் குடிக்காதீர்கள் என்பதோடு நிற்கவில்லை. அதைவிட்டு விலகியே இருக்குமாறு கட்டளையிடுகிறது. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி திர்மிதீ முதலிய ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் முன்னிலையில் குடிகாரர் கூட்டம் ஒன்று நிறுத்தப்பட்டபோது, அவர்களுள் ஒருவர் நோன்பாளி என்று கூறப்பட்டது. கலீஃபா அவரையும் தண்டித்தார்கள் எனக் குர்துபீ தஃப்ஸீர் கூறுகிறது. நோன்பு நோற்றிருந்தவருக்கே சலுகை இல்லையென்றால், பழச்சாறு ஏந்தியவருக்கு எங்கிருந்து வரும்?

பப்பின் நடைமுறை ஒன்றையும் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் ‘ரவுண்ட்’. ஒவ்வொருவரும் முறைவைத்து மேசையில் உள்ள அனைவருக்கும் பானம் வாங்கித் தரவேண்டும். தன் முறை வரும்போது நழுவுபவரைக் கஞ்சர் என்பார்கள். எனவே குடிக்காத நம் பிள்ளையும் தன் ஹலாலான சம்பாத்தியத்தைக் கொடுத்து, நான்கு பேருக்கு மதுவை வாங்கி, தன் கையாலேயே சுமந்து வருகிறான். மதுவைக் குடிப்பவரோடு அதை வாங்குபவரையும் சுமப்பவரையும் ஊற்றிக் கொடுப்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்பதை நாம் அறியாதவர்களா? இவ்வழக்கத்தின் தீங்கைப் பிரிட்டன் அரசும் ஒரு காலத்தில் உணர்ந்திருந்தது. முதல் உலகப் போரின்போது, 1915இல், ஒருவர் மற்றவருக்கு மது வாங்கித் தருவதை லண்டன் உள்ளிட்ட பகுதிகளில் சட்டம்போட்டே தடுத்தது.

காலத்தையும் கவனியுங்கள். வியாழன் மாலை சூரியன் மறைந்ததும் வெள்ளி இரவு தொடங்கிவிடுகிறது. ஸலவாத் ஓதிச் சிறப்பிக்க வேண்டிய இரவு அது. ஜூன் மாதத்தில் லண்டனில் மஃரிப் நேரம் ஒன்பது மணிக்குமேல்தான் வருகிறது. பப்பில் அரட்டை உச்சத்தில் இருக்கும் வேளை அது. அங்கிருந்து எழுந்து தொழச் செல்பவர் எத்தனை பேர்?

“போகாவிட்டால் தனித்துவிடுவேன்; பதவி உயர்வும் கிடைக்காது” என்பது அடுத்த சமாதானம். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் மத நம்பிக்கையின் பெயரால் பணியிடத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. காரணத்தைப் பணிவாகச் சொல்லி, “மதிய உணவுக்குச் சேர்ந்து போவோம்” என்று அழைத்தால் மறுக்கும் நண்பர் நண்பரே அல்லர். மதுவின்றிக் கூடுவதும் அம்மண்ணுக்குப் புதிதன்று. யமன் நாட்டுச் சூஃபிகள் இரவு திக்ருக்காக அருந்திய காப்பி, 1652இல் லண்டனின் முதல் காப்பிக் கடையாக வடிவெடுத்தது. உலகப் புகழ்பெற்ற லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை வளர்ந்ததும் ஒரு காப்பிக் கடையில்தான். லிவர்பூலில் முஸ்லிம் நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய வழக்கறிஞர் அப்துல்லாஹ் குவில்லியம், இஸ்லாத்தை ஏற்குமுன்பே மதுவிலக்குக்காகப் பேசிவந்தவர்.

இறுதியாக, பெரியவர்களிடமும் ஒரு கேள்வி. பப் மதுவை மட்டும் விற்கவில்லை. “இந்த வாரமும் உன்னை எதிர்பார்க்கிறோம்” என்ற அழைப்பையும் சேர்த்துத் தருகிறது. நம் பள்ளிவாசல்களில் இஷா முடிந்ததும் விளக்குகள் அணைகின்றன. நிர்வாகக் கூட்டத்தில் இளைஞனுக்கு இடமில்லை. அவன் வாய்திறந்தால் அதட்டல். ஹராம் என்று ஒரு வாசலை அடைப்பவர்கள், ஹலாலான வேறொரு வாசலைத் திறந்துவைக்க வேண்டாமா? வாரத்தில் ஒரு மாலை, பள்ளியின் ஓர் அறை, ஒரு பானைத் தேநீர், உபதேசம் செய்யாமல் காதுகொடுத்துக் கேட்கும் இரண்டு பெரியவர்கள். இதற்கு நன்கொடை வசூலும் தேவையில்லை.

பிள்ளைகளே, அந்த மேசையைவிட்டு எழுந்து வாருங்கள். பெரியவர்களே, எழுந்து வருபவன் அமர ஓர் இடத்தை ஆயத்தம் செய்யுங்கள். நல்லோரின் தோழமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.