வரைபடத்தில் நம் தெரு எங்கே?

கடலோரத்தில் எங்கே வீடு கட்டலாம், எங்கே ஆலை வரலாம், எந்த இடத்தைத் தொடவே கூடாது என்பதை இன்று ஒரு வரைபடம் தீர்மானிக்கிறது. அதற்குக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் என்று பெயர். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தமிழகத்துக்கான வரைவு 2023இல் வெளிவந்தது. தங்கள் குடியிருப்பும், மீன் இறங்குதளமும், வலை காயவைக்கும் இடமும் சரியாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவ அமைப்புகள் எதிர்த்தன. நியாயமான எதிர்ப்பு அது. ஆனால் அதே கடலோரத்தில், மீனவர் குப்பத்துக்குச் சற்று உள்ளே, உப்பாற்றங்கரையிலும் வயல்வெளி ஓரத்திலும் குடியிருக்கும் தலித் மக்களின் தெருக்கள் அந்த வரைபடத்தில் எங்கே என்று கேட்ட குரல்கள் குறைவு. அந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டும்.

நிலத்தின் இயல்பறிந்து பயன்பாட்டைப் பிரிப்பது நல்ல கொள்கை. அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் மணல்வெளி, உவர் சதுப்பு ஆகியவை முதல் வகையில் வருகின்றன. அவற்றுக்குக் காப்பு அதிகம். கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதி இரண்டாம் வகை. கிராமப்புறக் கடலோரம் மூன்றாம் வகை. கடல்நீர்ப் பரப்பு நான்காம் வகை. 1991இல் முதல் அறிவிக்கை வந்தபோது, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பின்னர் 2011இலும் 2019இலும் விதிகள் மாறின. அலை ஏறி இறங்கும் ஆறுகள், ஓடைகளின் கரையில் 100 மீட்டராக இருந்த கட்டுப்பாட்டு எல்லை 2019இல் 50 மீட்டராகச் சுருங்கியது. உப்பாற்றங்கரையில் குடியிருப்போருக்கு இது வெறும் எண் கணக்கு அல்ல.

இந்தக் கோடுகள் நம் மக்களின் வாழ்க்கையை எப்படித் தொடுகின்றன என்பதற்கு நாகை மாவட்டமே சாட்சி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அன்றைய நாகப்பட்டினம் மாவட்ட மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பட்டியல் சாதியினர். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற விவசாயக் கூலிகள். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண் அது. அதன் பிறகு அங்கே சென்று தங்கிய கிருஷ்ணம்மாள், ஜெகநாதன் தம்பதியர், கூலிகளின் பெயரில், குறிப்பாகப் பெண்களின் பெயரில், நிலம் பெற்றுத் தரப் பாடுபட்டார்கள். 1990களில் அதே வட்டாரத்தில் இறால் பண்ணைகள் பெருகின.

நெல்வயலில் நாற்றுப் பறிப்பு, நடவு, களை, அறுவடை என்று பெண்களுக்கு வேலை உண்டு. அதே நிலம் இறால் குட்டையானால் காவலுக்கும் தீனி போடவும் சிலர் போதும். குட்டைக்கு உப்புநீரை இறைக்கிறார்கள். அது பக்கத்து வயலிலும் குடிநீர்க் கிணற்றிலும் கசிகிறது. கழிவுநீர் வாய்க்காலில் விழுகிறது. அந்த வாய்க்காலில் இறங்கிக் கையால் தடவி நண்டும் இறாலும் பிடித்த குடும்பத்துக்கு அதுவும் போகிறது. நிலம் வைத்திருப்பவர் குத்தகைப் பணம் பெறுகிறார். நிலம் இல்லாதவர் கூலியையும் தண்ணீரையும் சேர்த்து இழக்கிறார்.

ஜெகநாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைத் தொழிலை அகற்ற உத்தரவிட்டது. விளைநிலம், உப்பள நிலம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், கிராமப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குட்டையாக்கக் கூடாது என்றது. வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு இழப்பீடும் தரச் சொன்னது. மண்டல விதி ஏழைக்கும் கேடயமாக முடியும் என்று காட்டிய தீர்ப்பு அது. ஆனால் மறுஆய்வு மனுக்களால் அதன் செயலாக்கம் நின்றது. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், கடலோர மண்டல அறிவிக்கையின் தடையிலிருந்து இந்தத் தொழிலை விலக்கிவிட்டது.

ஆனாலும் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டு நெறிகளில் நமக்குப் பயன்படும் விதிகள் உள்ளன. 500 பேருக்குக் குறைவாக வாழும் குடியிருப்பிலிருந்து பண்ணை 100 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்பு என்றால் 300 மீட்டர். குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர்.

இந்தத் தூரத்தை எங்கிருந்து அளப்பது? சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நம் கிராமங்களில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். வருவாய்க் கணக்கில் கிராமம் என்பது ஊரின் பெயர். காலனி தனிக் குடியிருப்பாகப் பதிவாகாவிட்டால், அளவுநாடா ஊர்த் தெருவிலிருந்து தொடங்கும்; குட்டையோ காலனியின் கொல்லைப்புறத்துக்கு வந்துவிடும். சட்டமும் மீறப்படவில்லை, நம் கிணறும் உப்பாகிவிட்டது என்ற நிலை இப்படித்தான் வருகிறது. சாதி வகுத்த எல்லையை அரசு வரைபடம் குறிக்காமல் விட்டால், அந்த எல்லை அழிந்துவிடுவதில்லை. அதன் பாரம் முழுவதும் நம் பக்கம் சாய்கிறது.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும் இதையே கண்டோம். படகும் வலையும் இழந்தவர்களுக்குக் கணக்கு இருந்தது. உப்பேறிய வயலால் கூலி இழந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. நிவாரணத்தில் தலித் மக்கள் விடுபட்டதைப் பல அமைப்புகள் அன்றே ஆவணப்படுத்தின. மீனவர் மீது நமக்கு மனக்குறை இல்லை. அவர்கள் தங்கள் இழப்பைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். நாமும் அப்படிக் கேட்க வேண்டும்.

மண்டல விதி நமக்கு எதிராகவும் திரும்பலாம். மூன்று தலைமுறையாகப் புறம்போக்கில் குடியிருப்பவர் பட்டா கேட்டால், கட்டுமானத் தடைப் பகுதி என்று மனு திரும்பி வரும் ஆபத்து உண்டு. அதற்காகக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நாம் சொன்னால், அந்த வழியில் முதலில் நுழைவது பண்ணையும் சொகுசு விடுதியும்தான். விதியை எதிர்ப்பதைவிட விதிக்குள் நம் இடத்தைக் கேட்பதே சரி.

அதற்கு அறிவிக்கையிலேயே ஒரு பிடி இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவில், 'மீனவர் உட்பட' உள்ளூர்ப் பாரம்பரியக் கடலோரச் சமூகங்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்கிறது அது. 'மீனவர் மட்டும்' என்று அது சொல்லவில்லை. உப்பளத் தொழிலாளியும், உவர் வயலில் நடவு நட்டவரும், வாய்க்காலில் நண்டு பிடித்துப் பிழைப்பவரும் கடலோரச் சமூகம் இல்லையென்றால் வேறு யார்? அந்த மூன்று இடங்களில் ஒன்றை நாம் உரிமையோடு கேட்கலாம்.

செய்ய வேண்டிய வேலை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இந்த வரைபடங்கள் 1:4,000 அளவிலும் தயாராகின்றன. அதில் புல எண்ணைப் பொருத்திப் பார்க்க முடியும். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்தால் போதும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, காலனி, குடிநீர்க் குளம், மயானம், மயானப் பாதை, மேய்ச்சல் நிலம், நண்டு பிடிக்கும் வாய்க்கால் ஆகியவற்றின் புல எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பஞ்சமி நிலம் இருந்தால் அதையும் தனியே குறிக்க வேண்டும். 1892இல் நிபந்தனையோடு வழங்கத் தொடங்கிய அந்த நிலம் பிறர் கைக்கு மாற முடியாதது. காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிறகு கிராம சபையில், 'எங்கள் குடியிருப்பைத் தனிக் குடியிருப்பாகவும், இந்த இடங்களைப் பொதுப் பயன்பாட்டு இடங்களாகவும் வரைபடத்தில் சேர்க்க வேண்டும்' என்று தீர்மானம் கொண்டுவந்து, அதன் நகலோடு ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகை பெற வேண்டும்.

தீர்மானம் போட்ட உடனே எல்லாம் மாறிவிடாது. ஆனால் நாளை ஒரு பண்ணைக்கோ ஆலைக்கோ அனுமதி கேட்டு வருகிறவர், 'இங்கே யாரும் குடியில்லை' என்று எளிதில் எழுதிக் கொடுக்க முடியாது. அலையாத்தி மரத்துக்கும் ஆமை முட்டைக்கும் வரைபடத்தில் இடம் உண்டு. இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். அவற்றின் பக்கத்தில் காலங்காலமாக வாழும் மனிதர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்கிறோம். வரும் கிராம சபைக்குப் புல எண்களோடு போவோம்.