சங்க முற்றத்திற்கு எந்த ஓடு?

சென்ற ஐப்பசி மழையின்போது, பூந்தமல்லிக்கு மேற்கே நம் பார்வைக்குட்பட்ட நெசவாளர் சங்கம் ஒன்றிற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். நூல் வாங்கிச் செல்ல வந்த மூத்த அங்கத்தினரான அம்மையார் ஒருவர், சங்கக் கட்டடத்தின் முன்முற்றத்தில் கால் வழுக்கி நம் கண்முன்னே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அவர் மீண்டும் தறிக்குழியில் அமர்வாரா என்பது ஐயமே. அம்முற்றத்திற்கு முந்தைய ஆண்டுதான் முகம் தெரியும்படி பளபளக்கும் விட்ரிஃபைடு ஓடு பதிக்கப்பட்டிருந்தது. மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டிருந்தன. அவற்றுள் குறைந்தது ஏற்கப்பட்டிருந்தது. நிர்வாகக் குழுவின் தீர்மானமும் முறையாக எழுதப்பட்டிருந்தது. அச்செலவுச் சீட்டுகளைப் பார்த்துக் குறையொன்றுமில்லை என்று எழுதியதும் நாமே. தாள்கள் சரியாக இருந்தன. தரை சரியாக இல்லை. இதனை முதற்கண் ஒப்புக்கொண்டே மேலே செல்ல விரும்புகிறோம்.

பின்னர்க் கூடிய பொதுக்குழுவில் முற்றத்தை மாற்றுவதென்று முடிவாயிற்று. எதைக் கொண்டு மாற்றுவது என்பதில்தான் கருத்து வேற்றுமை எழுந்தது. வெறும் சிமெண்டுத் தரையே போதும் என்றார் ஒருவர். இளம் அங்கத்தினர் ஒருவரோ, மொராக்கோ நாட்டில் கையால் செய்யப்படும் சுடுமண் ஓடுகளின் படங்களைக் காட்டி, செல்வர் வீட்டுத் தோட்டங்களிலும் திறந்த முற்றங்களிலும் இன்று இவற்றை விரும்பிப் பதிக்கின்றனர் என்றார். விலையைக் கேட்டதும் கூட்டத்தில் சிரிப்பெழுந்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் காட்டிய பொருள் தவறன்று; அதனைத் தேடிய இடந்தான் தொலைவு.

மொராக்கோவின் பழம்பெரும் நகரமாகிய ஃபெஸ்ஸில் குயவர்கள் அவ்வூர்க் களிமண்ணைப் பிசைந்து, கையால் வடிவமைத்து, வெயிலில் உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். மெருகு பூசிச் சிறு துண்டுகளாகக் கொத்தி, பூவும் விண்மீனுமாக இணைப்பது ஒரு வகை. அதனை ஜெல்லிஜ் என்பர். மெருகின்றித் தரைக்கும் முற்றத்திற்கும் செய்வது மற்றொரு வகை. ஓர் ஓடு போல் மற்றோர் ஓடு இராது. ஒன்று சற்றே தடித்திருக்கும். மற்றொன்றின் விளிம்பு சற்றே வளைந்திருக்கும். நிறமும் சூளையில் இருந்த இடத்திற்கேற்ப மாறும். இவ்வேறுபாட்டிற்காகவே மிகுந்த பொருள் கொடுத்து வாங்குகின்றனர். அதே வேறுபாடு நம்மூர்க் குயவர் செய்த ஓட்டில் காணப்படின் 'கோணல்' என்று தள்ளிவிடுகிறோம். கைத்தறிச் சேலையில் ஓரிழை தடித்திருந்தால், அது கையால் நெய்ததன் அடையாளம் என்று வாங்குவோர்க்கு எடுத்துரைப்பவர் நாம். நம் நெசவுக்கு வேண்டும் நியாயத்தைக் குயவர் தொழிலுக்கு மறுப்பது முறையாகுமா?

சுடுமண் தளம் நமக்குப் புதிதன்று. சென்னையின் பழைய வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர் பெற்ற மாடித்தளம், தேக்கு உத்தரங்களின்மேல் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லித் தளமிட்டு, தட்டோடு பதித்து முடிக்கப்பெற்றது. இன்றும் மொட்டை மாடியில் தட்டோடு பதிக்கும் கொத்தனார்கள் ஆவடியிலும் அம்பத்தூரிலும் உள்ளனர். பாசல் மிஷனார் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னரே அச்சில் அழுத்திய கூரை ஓடு பெருகிற்று. ஆத்தங்குடி ஓட்டையும் சிலர் சுடுமண் ஓடு என்றே கருதுகின்றனர். அது சுடப்படுவதன்று; கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டு ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் நிரப்பி, நீரில் ஊறவைத்துப் பெறுவது. கூடத்திற்கு அழகு சேர்ப்பது. எனினும் வழவழப்பானதாகையால், மழையில் நனையும் முற்றத்திற்கு அதனை நாம் பரிந்துரையோம்.

தேர்ந்தெடுக்கும் முறை

அயல்நாட்டு ஓட்டு வணிகர், தம் ஓடு உறைபனியைத் தாங்கும், தாங்காது என்று விரிவாகப் பேசுவர். நமக்கு உறைபனி இல்லை. நமக்குள்ள பகைகள் வேறு: தேங்கும் நீர், பாசி, உப்பு என்பன அவை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தை நம் பகுதியார் மறந்திருக்க முடியாது. கோடையிலோ வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. மெருகிடாத சுடுமண் ஓடு காலுக்குப் பிடிப்புத் தரும். சிறிது ஈரத்தை உறிஞ்சிப் பின் ஆவியாக விடுவதால், நீர் தெளித்த மாலையில் தரை குளிரும். ஆயின், சுடுமண் ஓடு வழுக்கவே வழுக்காது என்று எவரேனும் கூறின் அதனை நம்பற்க. பாசி படர்ந்தால் அதுவும் வழுக்கும். ஆதலால் நல்ல ஓட்டைத் தேர்வதும், நீர் நில்லாமல் பதிப்பதும் ஒருசேர நிகழவேண்டும்.

சூளைக்குச் செல்வோர் முதலில் இரண்டு ஓடுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்க வேண்டும். நன்கு வெந்தது கணீரென்று ஒலிக்கும். வேகாததும் விரிசலுற்றதும் மந்தமாக ஒலிக்கும். நகத்தால் கீறினால் துகள் உதிரலாகாது. உடைந்த ஓட்டின் உட்புறம் ஒரே சீராக இருக்கவேண்டும். வெள்ளைச் சுண்ணாம்புக் கல் தென்படின் அச்சூளையின் ஓடு வேண்டா. மழையில் அக்கல் நீறி ஓட்டின் முகத்தைப் பெயர்த்துவிடும்.

அடுத்தது நீர்ச் சோதனை. இதற்குச் சங்கத்திலுள்ள நூல் நிறுக்கும் தராசே போதும். நன்றாக உலர்ந்த ஓட்டை நிறுத்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, துடைத்து மீண்டும் நிறுக்க. 2,000 கிராம் ஓடு 2,240 கிராம் ஆயின், அது நூற்றுக்கு 12 பங்கு நீர் உறிஞ்சியுள்ளது. 2,440 கிராம் ஆயின் 22 பங்கு. சாதாரணச் சுவர்ச் செங்கல்லுக்கே 20 பங்கிற்கு மேற்படலாகாதென்று இந்தியத் தர நிர்ணயம் கூறுமாகையால், இரண்டாவது ஓடு முற்றத்திற்கு உதவாது. உறிஞ்சும் நீர் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்குப் பாசியும் குறையும்.

மூன்றாவது உப்புச் சோதனை. தட்டு ஒன்றில் ஓர் அங்குல உயரம் மழைநீர் ஊற்றி ஓட்டைக் குத்தாக நிறுத்துக. நீர் முழுதும் வற்றிய பின் ஓட்டின்மேல் வெண்பூ அடர்ந்து பூத்திருப்பின், அம்மண்ணில் உப்பு மிகுதி என்பது தெளிவு. ஆழ்துளைக் கிணற்று நீரை இதற்குப் பயன்படுத்தலாகாது. அந்நீரின் உப்பே நம்மை ஏமாற்றிவிடும்.

பதிக்கும் முறை

மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே இப்பணிக்கு உகந்தவை. அடிமண்ணை நனைத்துத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் 4 அங்குலக் கனத்தில் ஜல்லித் தளமிட வேண்டும். வாட்டம் இத்தளத்திலேயே அமையவேண்டும். மேற்கலவையில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பது கூடாது. 5 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம், கட்டடச் சுவரிலிருந்து வெளிப்புறம் நோக்கி இருத்தல் வேண்டும். தளம் முடிந்ததும் ஒரு குடம் நீரை ஊற்றிப் பார்த்து, அது எங்கும் தேங்காமல் ஓடிய பின்னரே ஓடு பதிக்கத் தொடங்குக.

ஓடுகளை முன்னரே நீரில் ஊறவைத்து, மேல் ஈரம் வடிந்தபின் பதிக்க வேண்டும். உலர்ந்த ஓடு கலவையின் நீரை உறிஞ்சிவிடுமாகையால் பிடிப்பு ஏற்படாது. நாளடைவில் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். பல கட்டுகளிலிருந்தும் ஓடுகளைக் கலந்தெடுத்துப் பதித்தால் நிறம் ஓரிடத்தில் திட்டாக நில்லாது. கையால் செய்த ஓடு அளவில் சிறிது வேறுபடுமாகையால், நூல் பிடித்து, ஓட்டிற்கும் ஓட்டிற்கும் இடையே ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுதல் இன்றியமையாதது. இடைவெளியின்றி நெருக்கிப் பதிக்க முயலும் கொத்தனார் வரிசை தவறுவார். பழி குயவர்மேல் விழும். சிந்திய கலவையை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். பிறகு அமிலம் ஊற்றிக் கழுவுவது ஓட்டைக் கெடுக்கும். ஒரு வார காலம் தரையை ஈரமாக வைத்திருக்க வேண்டும். உடைசலுக்காக நூற்றுக்குப் பத்து ஓடு மிகுதியாக வாங்கிச் சேமித்து வைத்தல் நலம்.

வார்னிஷ் போன்று மேலே ஏடாகப் படியும் பூச்சு எதுவும் வேண்டா. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்புத் தள்ளி ஏடு உரிந்துவிடும். உரியும் வரை வழுக்கும். கறை படியாதிருக்கப் பூச வேண்டுமாயின், ஓட்டினுள் ஊறி மறையும் வகையையே, தரை முழுதும் உலர்ந்த பிறகு பூசவேண்டும். ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும் தேங்காய் நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவினால் பாசி நிலைபெறாது.

சுடுமண் ஓடு பொருந்தாத இடங்களும் உண்டு. சாயத் தொட்டி அருகில் பதித்தால் சாயம் ஊறிப் பின்னர் போகாது. விளைபொருள் ஏற்றிவரும் டிராக்டரும் லாரியும் நிற்கும் இடத்தில் ஓடு நொறுங்கும். அவ்விடங்களுக்குச் சொரசொரப்பான கான்கிரீட்டுத் தரையே தக்கது. பாவு நீட்டும் முற்றம், அங்கத்தினர் காத்திருக்கும் தாழ்வாரத்து முகப்பு, கீரையும் பூவும் தரம் பிரிக்கும் நிழலிடம் ஆகியவையே இதற்கு உரியன.

கூட்டுறவாளர் கடமை

இனி, நம் முதன்மையான கருத்துக்கு வருவோம். குறைந்த விலைப்புள்ளியை ஏற்பது சிக்கனம் என்று நாம் பழகிவிட்டோம். எத்தகைய பொருள் வேண்டுமென்று முதலில் எழுதாமல் விலை மட்டும் கேட்டால், குறைந்த விலையென்பது குறைந்த தரத்திற்கு நாம் கொடுக்கும் அழைப்பேயாகும். மெருகற்றது, இத்தனை பங்கிற்கு மேல் நீர் உறிஞ்சாதது, உப்புப் பூக்காதது என்ற நிபந்தனைகளை முன்னதாகவே தீர்மானத்தில் எழுதுக. மாதிரி ஓடுகளை அங்கத்தினர் முன்னிலையில் சோதித்திடுக. தேறியவற்றுள் குறைந்த விலையை ஏற்றிடுக. அங்ஙனம் செய்தால் சிக்கனமும் நிலைக்கும், எலும்பும் நிலைக்கும்.

வாங்கும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தரை ஓடு செய்யத் தெரிந்த குயவர் குடும்பங்கள், கேட்போர் இன்மையால் சட்டியும் அகலும் மட்டுமே செய்து வருகின்றன. ஏரி, குளங்களிலிருந்து களிமண் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறலாமென 2024-ல் தமிழக அரசு விதியை எளிதாக்கியுள்ளது. மண்ணுக்கு வழி பிறந்திருக்கிறது, வேண்டுவது வாங்குவோரே. ஐந்தாறு சங்கங்கள் ஒன்றுகூடித் தம் தேவையைச் சேர்த்து முன்பணத்துடன் ஒரே கேட்பாக அளித்தால், ஒரு சூளை முழுமைக்கும் வேலை கிடைக்கும், விலையும் தணியும். 1904-ல் நம் திருவள்ளூரை அடுத்த திரூரில் உழவர்கள் கடன் சங்கம் அமைத்தபோது, தனித்தனியே இயலாததைக் கூடி முடிக்கலாம் என்னும் இதே நம்பிக்கைதான் அவர்களை இணைத்தது.

அச்சங்கத்தின் முற்றப் பணி வரும் தையில் தொடங்கவிருக்கிறது. மாதிரி ஓடுகள் இப்பொழுது தராசுக்கு அருகே நீரில் ஊறிக்கொண்டிருக்கின்றன. நாமும் நம் ஆய்வுக் குறிப்பேட்டில் ஒரு வினாவைப் புதிதாகச் சேர்த்துள்ளோம்: 'ஈரத்தில் இத்தரைமேல் நடந்து பார்த்தாயிற்றா?' மற்றச் சங்கங்களின் காரியதரிசிகளும் அடுத்த மழைக்கு முன் தத்தம் முற்றத்தில் ஒரு குடம் நீரை ஊற்றி, அதன்மேல் தாமே ஒருமுறை நடந்து பார்ப்பார்களாக.