மெய்ப்பெயரும் பொய்ப்பெயரும்

கண்டியிலிருந்து திகனையைக் கடந்து செல்வோர் தெல்தெனிய நகரை அடைவர். 'தெனிய' என்பது சிங்களத்தில் மலைகளிடைத் தாழ்நிலத்தைக் குறிக்கும். 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கத்துள் பழைய நகர் அமிழ்ந்தது. பெயரோ மேட்டுநிலத்துப் புதுநகரில் நிலைத்தது. ஊர்ப்பெயருக்கு இஃது இழுக்கன்று. அது மக்களின் நினைவு.

ஆனால் இணையப் பக்கத்தின் வழிகாட்டிப் பட்டிக்குச் சி.எஸ்.எஸ். மொழியில் தோற்றவிதி எழுதும் நம் மாணவர், எவ்வுறுப்புக்கு எவ்விதி எனச் சுட்டும் தெரிவிகளுக்கு 'இடப்பட்டி', 'சிவப்பிணைப்பு' எனப் பெயரிடுவதை எங்ஙனம் ஏற்பது? கைப்பேசியின் ஒடுங்கிய திரையில் இடப்பட்டி அடிக்கு இறங்குகின்றது. சிவப்பு, நாளை நீலமாகின்றது. பெயர் மட்டும் பொய்யுரைத்து நிற்கின்றது.

1996இல் வெளியான முதல் சி.எஸ்.எஸ். விதந்துரையின் நோக்கமே உள்ளடக்கத்தினின்று தோற்றத்தைப் பிரிப்பதாகும். தோற்றத்தைப் பெயருள் புகுத்துவோர் பிரித்ததை மீண்டும் பிணைக்கின்றனர். 'தலைமைவழி', 'நடப்புப்பக்கம்' எனத் தொழிலாற் பெயரிடின், தோற்றம் எத்துணை மாறினும் பெயர் மெய்யாகவே நிற்கும்.

தமிழிற் பெயரிட்டாற் போதும் என்பாரும் உளர். 1998இல் வந்த இரண்டாம் விதந்துரை தமிழெழுத்துக்கும் இடமளிக்கின்றது; மகிழ்வோம். ஆயின் பொய்ப்பெயர் எம்மொழியிலும் பொய்ப்பெயரே.

பின்னர் மாற்றிக்கொள்ளலாமே என்பது சோம்பலின் வாதம். அப்பெயர் பக்கங்களெங்கும் நிரல்களெங்கும் பரந்துகிடக்கும். ஓரிடம் தவறினும் பட்டி குலையும். அதனைத் திருத்த வேண்டியவர் நமக்குப்பின் வரும் மாணவர். அருகிருந்து விளக்க அன்று நாம் இரோம். பெயரே விளக்க வேண்டும். ஆதலின் மெய்ப்பெயரை விட்டுச் செல்வோம்.