ஜன்னலை இழுத்தால் என்னவெல்லாம் நீளும்?



வீடு கட்டும் குடும்பங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும். பிளான் கைக்கு வந்து, பூமி பூஜை போட்டு, அஸ்திவாரமும் எழும்பிய பிறகு வீட்டம்மா சொல்வார்: “ஹால் ஜன்னல் நாலடிதான் போட்டிருக்காங்க. ஆறடியா வைக்கச் சொல்லுங்களேன், காத்து வரட்டும்.” சித்தூர் வெயிலுக்கு இதில் தப்பே இல்லை. திருப்பதிக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

உடனே டிராயிங் போடும் தம்பிக்குப் போன் போகிறது. அவர் என்ன செய்கிறார் தெரியுமா?

அவசரத்தில் இருக்கும் தம்பி, பழைய ஜன்னலைத் தேர்ந்தெடுத்து ஒன்றரை மடங்கு பெரிதாக்கிவிடுவார். திரையில் ஆறடி ஜன்னல் தயார். ஆனால் 3 அங்குலமாக இருந்த நிலைச்சட்டம் 4½ அங்குலமாகியிருக்கும். நாலடி உயரம் ஆறடியாகியிருக்கும். தரையிலிருந்து மூன்றடியில் தொடங்கும் ஜன்னல் ஒன்பதடியில் போய் முடியும். நம் வீடுகளில் ஜன்னல்களுக்கு மேல் லின்டல் ஓடுவதோ ஏழடியில்! ஜாக்கெட்டின் சுற்றளவு கூடினால் கொக்கியும் சேர்ந்தா பெரிதாகும்?

“அகலத்தை மட்டும் இழுத்தால் போச்சு” என்பார் கொஞ்சம் தெரிந்தவர். சட்டம் மூன்று அங்குலமாகவே இருக்கும், உண்மை. ஆனால் கிரில் கம்பிகள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். புதிதாக வந்த இரண்டடியில் கம்பியே இருக்காது. திருடர் வந்து போக அந்த இடம் தாராளம்.

கதவுகளைப் பாருங்கள். நாலடி, அதாவது 48 அங்குல ஜன்னலில் இரண்டு பக்கச் சட்டத்துக்கு 6 அங்குலம், நடுச்சட்டத்துக்கு 3 அங்குலம் போனால், இரண்டு கதவுக்கும் தலா 19½ அங்குலம் வரும். ஆறடியில் அதே இரண்டு கதவு என்றால் ஒவ்வொன்றும் 31½ அங்குலம். அவ்வளவு அகல மரக்கதவு தன் எடையிலேயே தொங்கி, கீல் இழுத்து, மழைக்காலத்தில் மூடமாட்டேன் என்று அடம் பிடிக்கும். மூன்று கதவாக்கி, நடுவில் இரண்டு சட்டம் கொடுத்தால் ஒவ்வொன்றும் 20 அங்குலம். இதைத்தான் ஆசாரி மனக்கணக்கில் செய்கிறார்.

அந்த மனக்கணக்கை வரைபடத்துக்குள்ளேயே எழுதிவைக்க முடியும். சட்டம் எப்போதும் 3 அங்குலம். ஒரு கதவு இரண்டடியைத் தாண்டக் கூடாது. கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஜன்னலின் தலை ஏழடியில், கீழ்மட்டம் உயரத்தைப் பொறுத்து இறங்கும், ஏறும். அகலம், உயரம் என்று இரண்டே எண்களை நாம் மாற்ற, மற்றதெல்லாம் தானே ஒழுங்காகிவிடும். இதற்குத்தான் பாராமெட்ரிக் டிராயிங் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்.

அந்த ஏழடி விதி ஒன்றே வீடு முழுக்க எவ்வளவு வேலை செய்கிறது! ஹாலில் நாலடி உயர ஜன்னல் மூன்றடியிலிருந்து தொடங்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் தெரு தெரியும். சமையலறையில் உயரத்தை மூன்றடியாக்கினால் கீழ்மட்டம் தானாக நாலடிக்கு ஏறும். மேடைக்கு மேல் குழாய் வைக்க இடம் கிடைக்கும். பாத்ரூம் வென்டிலேட்டர் இரண்டடி என்றால் ஐந்தடிக்கு மேல் போய்விடும். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இது நேற்று வந்த சங்கதியும் இல்லை. 1963-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளில், இந்தக் கோடும் அந்தக் கோடும் எப்போதும் சமமாக இருக்கட்டும் என்று கணினிக்குக் கட்டளை போட முடிந்தது. நம் ஊர் டிராயிங் ஆபீஸ்களில் புழங்கும் ஆட்டோகேடில் 2006 பதிப்பில் டைனமிக் பிளாக் வந்தது. ஜன்னலைப் பிடித்து இழுத்தால் மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று நாம் கொடுத்த அளவுகளில் மட்டும் நிற்கும். கம்பிகள் தாமாகவே பெருகும். 2010 பதிப்பில் கோடுகளுக்கிடையே கட்டுப்பாடுகள் போடும் வசதியும் சேர்ந்தது. இத்தனை காலமாகக் கையில் இருந்தும் பழைய ஜன்னலை அழித்துப் புதிதாக வரைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

சதுர ஜன்னலை எப்படியோ சமாளித்துவிடலாம். வளைவு ஜன்னல் கேட்டால்? திருப்பதிக்குப் பக்கத்தில் சந்திரகிரி ராஜ மகாலைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அப்படி ஓர் ஆசை வருவது இயல்பு. மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய மாளிகை. அதன் வளைவுத் திறப்புகள் பார்க்கப் பார்க்க அலுக்காது.

சரி, நாலடி அகலத்தில், நடுவில் ஓரடி எழும்பும் வளைவு என்று வைத்துக்கொள்வோம். அதை வரைய 2½ அடி ஆரம் வேண்டும். அதே ஓரடி எழுச்சியோடு அகலத்தை ஆறடியாக்கினால் ஆரம் 5 அடி! அகலம் கூடியதோ ஒன்றரை மடங்கு, ஆரம் இரட்டிப்பாகிவிட்டது. கண்மதிப்பில் இழுத்தால் வருமா? பாதி அகலத்தின் வர்க்கத்தோடு எழுச்சியின் வர்க்கத்தைக் கூட்டி, எழுச்சியின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஒருமுறை எழுதிவைத்தால் எந்த அகலத்துக்கும் வளைவு சரியாக உட்காரும்.

“நம் சிற்பிகள் இதையெல்லாம் அன்றே செய்தார்களே” என்று சிலர் சொல்லக்கூடும். திருப்பதியில் தேவஸ்தானமே பாரம்பரியச் சிற்பக் கலைக்கு ஒரு நிறுவனம் நடத்துகிறது. உத்தம தசதாலம் என்ற அளவுமுறையில் சிலையின் உயரத்தை 124 பங்காக்கி, முகம், கை, கால் எல்லாவற்றுக்கும் அளவு பிரிப்பார்கள். மூன்றடிச் சிலைக்கும் பன்னிரண்டடிச் சிலைக்கும் ஒரே கணக்கு. அருமையான முறைதான். ஆனால் சிலையில் எல்லாமே சேர்ந்து வளரும். ஜன்னலில் அப்படி வளரக் கூடாது. மரக்கடையில் சட்டம் என்ன கனத்தில் கிடைக்கிறதோ அதுதான். எனவே அந்தப் பெருமையை இங்கே கொண்டுவந்து ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜன்னலுக்குள் இருக்கும் விதிகள் போக, அறையையும் ஜன்னலையும் கோக்கும் ஒரு விதி தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இருக்கிறது. வெப்பமான வறண்ட பகுதிகளில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு முதல் கணக்கில் 12 சதுர அடி, இரண்டாவதில் 20 சதுர அடி. உங்கள் பெட்ரூமுக்கு எத்தனை வருகிறது? கதவு, ஜன்னல் எண்ணிக்கை இரட்டைப்படையில் இருக்கிறதா என்று வாஸ்துவுக்காக எண்ணுகிறோமே, அந்த நேரத்தில் இதையும் ஒரு தடவை பெருக்கிப் பார்க்கலாம்.

சித்தூர், திருப்பதி பக்கம் மேஸ்திரியிடம் தெலுங்கிலும் வீட்டில் தமிழிலும் பேசி வீடு கட்டும் நம் குடும்பங்களில், டிப்ளமோ முடித்து ஆட்டோகேட் கோர்ஸுக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஃபீஸ் கட்டும் முன் சென்டரில் கேளுங்கள்: கோடு போட மட்டும் கற்றுத்தருவீர்களா, அளவு மாறினால் தானே மாறும் ஜன்னல் செய்யவும் கற்றுத்தருவீர்களா? கோடு போட ஆள் நிறையக் கிடைக்கிறார்கள். எது எதைச் சார்ந்தது என்று யோசிக்கிற பிள்ளைக்குத்தான் ஆபீஸில் மதிப்பு. வீட்டில் பழகுவதற்குத் திருட்டுக் காப்பி தேடவும் வேண்டாம். ஃப்ரீகேட் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம், அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. ஒரு ஸ்கெட்ச் வரைந்து, அளவுகளுக்குப் பெயர் வைத்து, அதிலிருந்து ஜன்னல் உருவாக்கலாம். அளவுகளை எக்செல் போன்ற கட்டங்களிலும் வைத்துக்கொள்ளலாம்.

ஆறு ஜன்னல் வீட்டுக்கு இத்தனை ஏற்பாடு தேவையா என்றால், ஆசாரி நல்லவராக அமைந்தால் தேவையில்லைதான். ஆனால் இப்போது யுபிவிசி, அலுமினிய ஜன்னல்களைத்தானே பலரும் ஆர்டர் கொடுக்கிறோம்? அவை தொழிலகத்தில் வெட்டி வருபவை. வந்த பிறகு இழைத்துச் சரிசெய்ய முடியாது. 1,800 மி.மீ. திறப்புக்குப் பக்கத்துக்கு 5 மி.மீ. விட்டு 1,790-ல் ஜன்னல் செய்வார்கள். பூச்சு முடிந்ததும் உங்கள் திறப்பு 1,792 என்று நிற்கலாம். அப்போது பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் மிஞ்சும். ஆகவே பூச்சு முடியட்டும். டேப் பிடித்து மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவைத் தம்பியிடம் சொல்லி, அவர் அதை அடித்துப் புது டிராயிங் எடுத்துத் தந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.