திட்டினால் பிழை திருந்துமா?

ஆண்ட்ராய்டு செல்போன்களுக்கு அடிப்படை "லினக்ஸ்" என்னும் மென்பொருள். அதை 1991-ல் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பல்லாயிரம் பேர் அதில் கை கொடுத்தார்கள். யாரும் திருத்தம் அனுப்பலாம்.

டோர்வால்ட்ஸ் கெட்டிக்காரர், ஆனால் வாய்த்துடுக்கு உள்ளவர். 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்புக் கேட்டார். லினக்ஸ் குழுவுக்குப் புதிய நடத்தை விதிகளும் வந்தன.

"வேலைதானே முக்கியம்? விதி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

மொரப்பூர் மாணவி ஒருத்தி முதல் திருத்தம் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "இது தவறு" என்றால் கற்றுக்கொள்வாள். "நீ முட்டாள்" என்றால்? மறுபடி வரமாட்டாள். நஷ்டம் வேலைக்குத்தான்!

பிழையைக் கண்டிக்கலாம், ஆளைப் பழிக்கக் கூடாது. இதை எழுதி வைப்பதே நல்லது. தொடங்கியவரே ஏற்ற விதியை மற்றவர்கள் ஏற்கத் தயங்குவானேன்?