ஒரே ஓர் அடியை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா?

ஊட்டியை ஒட்டியிருக்கிறது பெர்ன்ஹில். எங்கே போனாலும் ஏற்றம் அல்லது இறக்கம். குளிருக்குப் பயந்து பிள்ளைகள் காலுறையும் ஷூவும் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

மாலையில் ஷூவைக் கழற்றும்போது தாய் கவனிக்கிறாள். பிள்ளையின் பாதம் தட்டையாக இருக்கிறது. உள்பக்கத்தில் வளைவைக் காணோம். மனதில் பயம் புகுந்துவிடுகிறது.

பாதத்தைச் சோதிக்க இப்போது கருவி வந்திருக்கிறது. தரையில் ஒரு பலகை. பிள்ளை அதை மிதித்து நடந்தால், எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று வர்ணப் படம் வரும். அழுத்தம் மிகுந்த இடம் பெரும்பாலும் சிவப்பாகத் தெரியும்.

சிவப்பு இருந்தால் நோயா? அவசரப்படக்கூடாது.

அளவு ஏன் மாறுகிறது?

வேகமாக நடந்தால் அழுத்தம் கூடும். பலகையைக் குறிபார்த்து மிதித்தால் நடையே மாறும். பிள்ளைகளோ துள்ளுவார்கள், திரும்பிப் பார்ப்பார்கள். நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் அடிக்கு அடி அளவு மாறும்.

அதனால் கருவி பொய் என்று அர்த்தமில்லை. வெறுங்காலில், வழக்கமான நடையில், பல அடிகளை அளந்து சராசரி பார்க்கவேண்டும். அப்போது அளவை ஓரளவு நம்பலாம். அப்போதும் சிறுவிரல் போன்ற சின்ன இடங்களின் அளவு அதிகமாகத் தடுமாறும்.

இன்னொன்று: பிள்ளை வளர்கிறது. எடையும் பாதமும் பெரிதாகின்றன. போன வருட அளவும் இந்த வருட அளவும் வேறாக இருந்தால், அது வளர்ச்சியாகவும் இருக்கலாம்.

வேலூரில் கண்ட உண்மை

கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களில் ஏன் புண் வருகிறது என்று ஆராய்ந்தார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம் முக்கியக் காரணம் என்று கண்டார். வலி தெரியாததால் நோயாளி காலை மாற்றி வைப்பதில்லை.

உணர்ச்சியுள்ள கால் அப்படியல்ல. ஓரிடம் வலித்தால் பாரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிடும். அது பாதத்துக்கு ஒரு காவல்.

ஷூவும் தட்டைப் பாதமும்

மணிப்பாலைச் சேர்ந்த டாக்டர்கள் உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 பிள்ளைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து, 1992-ல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் வயது 4 முதல் 13 வரை. காலணி அணிந்தவர்களில் 1,000-க்கு 86 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் நடந்தவர்களில் 1,000-க்கு 28 பேருக்குத்தான். மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது அதிகம்.

இதற்காக மலைக்குளிரில் ஷூவைக் கழற்றி எறியவேண்டாம். விரல்கள் நெருக்கப்படாத அளவில் வாங்கினால் நல்லது. வீட்டுக்குள் வெறுங்காலில் விளையாட விடலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தெரிந்தால், வலியும் இல்லையென்றால், பெரும்பாலும் பயமில்லை. சிறு வயதில் தட்டையாக இருக்கும் பாதம் பலருக்கு வளர வளரத் தானே சரியாகும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு, ஒரே ஒரு படத்தைப் பார்த்து விலை உயர்ந்த ஷூ அட்டை வாங்கத் தேவையில்லை.

வலி இருந்தால், நொண்டினால், பாதம் விறைப்பாக இருந்தால், ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தால் டாக்டரிடம் காட்டவேண்டும்.

பலகை கண்டது சில அடிகளை. பிள்ளை நாள் முழுவதும் நடப்பதைத் தாய் காண்கிறாள். டாக்டருக்கு இரண்டு சாட்சியும் வேண்டும்.